ஒட்டிப்போன அட்வான்ஸ்

டிசம்பர் 3, ஞாயிறு

ஏழு பிளவுஸ் முடித்தேன். கார்த்திகை முகூர்த்தம் தீரும்வரை ஞாயிற்றுக்கிழமையும் தையல் கடையை மூட முடியாது.

நாலு மணிக்குக் காப்பி கொண்டுபோனபோது இவர் லாரி ஷெட்டில் மண்டிபோட்டு, உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னத்தத் தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. ஒரு திருகாணி உழுந்துருச்சு."

திருகாணி அவருடைய இடது முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிப் பளிச்சென்று கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "டிஸ்ட்ரிபியூட்டர்ல அட்வான்ஸ் ஒட்டிப்போச்சு கோகிலா. கோயமுத்தூர்ல இருந்து பார்ட் வந்தாத்தான் இனி ஆவும்" என்றார்.

கண்ணெதிரே கிடந்ததை அவ்வளவு நேரம் எதற்குத் தேட வேண்டும்? வேலை செய்வதுபோல் உட்கார்ந்து வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்த லாரி மாமனார் ராணுவ ஏலத்தில் எடுத்தது. பெட்ரோல் வண்டி, எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. இவர் அதைப் பிரித்துப் பூட்டி ஓட வைத்தார். வருஷா வருஷம் பழைய வண்டிக்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஏற்காடு மலை ஏறுவார்கள். ஏழு வருஷமாக இவருடையதுதான் முதல் வண்டி. இந்த முறை ஜனவரி 21 என்று முடிவாகியிருக்கிறது.

டிசம்பர் 7, வியாழன்

காலை ஆறரை மணி பஸ்ஸில் கோயமுத்தூர் போனார். வாசலில் கார் நிற்கிறது. சங்ககிரியிலிருந்து நாக்பூர் வரை தனியாக லாரி ஓட்டியவர், "டிராபிக்ல ஓட்ட சலிப்பா இருக்குது" என்கிறார்.

பொழுது சாய வந்தார். கையில் ஒன்றும் இல்லை.

"பார்ட்டுங்க?"

"வரல. ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க."

யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

எதிர்வீட்டு அக்கா சண்டைக்கு வந்துவிட்டார். சந்தைப்பேட்டையில் எதிரே வந்தும் இவர் பேசாமல் போனாராம். "உன்ற ஊட்டுக்காரருக்கு நாங்கெல்லாம் கண்ணுக்குத் தெரியறதில்லியா?" என்றார். வீட்டிலும் அப்படித்தான். பக்கத்தில் போய் நின்றால்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. பேசினால் மட்டும் முழு முகத்தையும் திருப்பி, யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்.

டிசம்பர் 13, புதன்

இவருடைய இமை மயிர் கருத்து, நீண்டு, அடர்ந்திருக்கிறது. ஐம்பத்தாறு வயதில் எந்த ஆம்பளைக்கு இப்படி ஆகும்?

டிசம்பர் 14, வியாழன்

மதியம் நாற்காலியில் கண் அசந்திருந்தபோது ஈரத் துணியால் இமையை லேசாகத் துடைத்துப் பார்த்தேன். மை வரவில்லை. விழித்துக்கொண்டு, "என்ன புள்ள பண்ற?" என்றார். ஈ உட்கார்ந்தது என்றேன்.

கண் சிவந்திருந்தது. வாயில் வாடை ஏதும் இல்லை.

டிசம்பர் 17, ஞாயிறு

துவைக்கப் போட்ட சட்டையில் அந்தத் திருகாணி இருந்தது. பதினான்கு நாளாக அதை மாட்டவே இல்லை. எடுத்துப் பட்டன் டப்பாவில் போட்டு வைத்தேன். அதே பையில் ஒரு துண்டுச் சீட்டு. "21 வியாழன், காலை 10. ஷைலஜா" என்று பெண் கையெழுத்து, கீழே ஒரு போன் நம்பர்.

இப்போதெல்லாம் போனில் எழுத்தைப் பெரிது பெரிதாக வைத்துக்கொண்டு படிக்கிறார். நான் கிட்டே போனால் கவிழ்த்து வைத்துவிடுகிறார்.

டிசம்பர் 18, திங்கள்

கடையிலிருந்து அந்த நம்பருக்குப் போட்டேன். "வணக்கம், ஷைலஜா பேசறேன். சொல்லுங்க" என்றது ஒரு குரல். முப்பது வயதுக்குமேல் இருக்காது. பேசாமல் வைத்துவிட்டேன். அதற்கப்புறம் போட்ட பட்டன் காஜா இரண்டு கோணலாகப் போய்விட்டது. பிரித்துப் போட்டேன்.

டிசம்பர் 21, வியாழன்

போனார், வந்தார். பார்ட் வரவில்லையாம்.

சோற்றுக்கு உட்கார்ந்ததும் இடது கைப் பக்கம் இருந்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். நினைப்பு இங்கே இல்லை என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டுமா?

டிசம்பர் 24, ஞாயிறு

குழந்தைவேல் அண்ணன் வந்திருந்தார். இவருக்குச் சின்ன வயதுச் சிநேகிதர். ஏற்காட்டுப் பயணத்தை நடத்துபவர் அவர்தான். இவர் தோட்டத்துக்குப் போயிருந்தார். காப்பி கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன். "ஏனுங்கண்ணா, லாரிக்குக் கோயமுத்தூர்ல இருந்து ஏதோ பார்ட் வரோணும்ன்றாரே, அது என்னங்க?"

"பார்ட்டா? என்னாச்சு?"

"டிஸ்ட்ரிபியூட்டர்ல அட்வான்ஸ் ஒட்டிப்போச்சாமா."

அவர் சிரித்துவிட்டார். "அதுக்கு எதுக்கும்மா பார்ட்டு? உள்ள பழைய கிரீஸ் காஞ்சு பிசின் மாதிரி புடிச்சிருக்கும். கழுவி எண்ணெ உட்டா முடிஞ்சுது. மாப்ள அதக் காத்தாலெ காப்பி ஆறறதுக்குள்ள பண்ணிப்போடுவானே!"

விளக்கமாகச் சொல்லச் சொன்னேன். என்ஜினுக்குள் நெருப்புப் பொறி எந்த நேரத்தில் விழ வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்வது டிஸ்ட்ரிபியூட்டர். வேகம் கூடக்கூடப் பொறி கொஞ்சம் முந்தி விழ வேண்டும். அதற்காக உள்ளே இரண்டு சின்ன இரும்புக் கட்டைகளும் இரண்டு ஸ்பிரிங்கும் இருக்கின்றன. சுற்றுகிற வேகத்தில் கட்டைகள் விரிந்து, மேலே இருக்கிற தண்டைக் கொஞ்சம் முன்னால் திருப்பும். அதுதான் அட்வான்ஸ். அது ஒட்டிக்கொண்டால் வண்டி சமதரையில் ஓடும், மேட்டில் இழுக்காது.

"ரோட்டர்னு மேல ஒண்ணு இருக்கும். கையில புடிச்சு லேசாத் திருப்பிப் பாரு. கொஞ்சம் போயிட்டு, உட்டா ஸ்பிரிங் இழுத்துத் திரும்பி வரோணும். வரலீன்னா ஒட்டிருக்குதுன்னு அர்த்தம்."

என் தையல் மெஷினை நான்தான் பிரித்துக் கழுவுகிறேன். பழைய எண்ணெய் காய்ந்து பிடித்துக்கொள்வது எனக்குத் தெரியாததா?

ஆக, கோயமுத்தூரில் வாங்க எதுவுமே இல்லை.

டிசம்பர் 27, புதன்

மூன்று நாளாக யோசித்தேன். கேட்டால் மழுப்புவார். அழுதால் சமாதானம் சொல்வார். சாக்கை இல்லாமல் பண்ணிவிட்டால், அடுத்த முறை என்ன சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவார், அதைப் பார்க்கிறேன். அட்வான்ஸை நானே கழுவி இளக்கிவிடப் போகிறேன்.

ஜனவரி 1, திங்கள்

இவர் தேங்காய் போடத் தோட்டத்துக்குப் போன நேரம் ஷெட்டைத் திறந்தேன். இப்போதெல்லாம் இவர் அந்தப் பக்கமே போவதில்லை. அண்ணன் சொன்னபடி முதலில் பேட்டரி வயரைக் கழற்றினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை இரண்டு கொக்கிகள்தான் பிடித்திருக்கின்றன. ரோட்டரைப் பிடித்துத் திருப்பினேன். கல் மாதிரி நின்றது. ஒட்டியது மட்டும் உண்மைதான்.

ரோட்டர் நின்ற திசையைத் துணிக்குக் கோடு போடும் சாக்பீஸால் குறித்துக்கொண்டு அதை உருவினேன். தண்டின் தலையில் ஒரு சின்னக் கம்பளித் துண்டு செருகியிருந்தது. அதை ஊசியால் எடுத்துவிட்டு, மண்ணெண்ணெயும் மெஷின் ஆயிலும் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டேன்.

ஜனவரி 3, புதன்

இரண்டு நாள் ஊறியும் அசையவில்லை. பலமாகத் திருகினால் உடைந்துவிடும். மறுபடி சொட்டு விட்டேன். நாலு பிளவுஸுக்குப் பட்டன் தைத்தேன்.

ஜனவரி 4, வியாழன்

இவர் கோயமுத்தூர் போனதும் கடையைப் பூட்டிவிட்டு ஷெட்டில் உட்கார்ந்தேன்.

தட்டைக் கழற்றினேன். இரண்டு திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று என் பட்டன் டப்பாவில் இருக்கிறதே. அடியில் அந்த இரண்டு கட்டைகள், வெல்லப்பாகு காய்ந்த மாதிரி பழுப்பாக ஒட்டிக் கிடந்தன. ஸ்பிரிங் இரண்டும் கொசுவின் கால்போல இருந்தன. பாபின் கேஸில் நூல் எடுக்கிற இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கழற்றி, காந்தத்தின்மேல் வைத்தேன். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். ரோட்டரைத் திரும்ப மாட்டி இந்தப் பக்கம் ஒரு நூல் அளவு, அந்தப் பக்கம் ஒரு நூல் அளவு என்று அசைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினொன்றரை மணிக்கு ஒரு அரிசி அகலம் நகர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. பிறகு பழுப்புச் சாறு வழிய வழியத் தண்டு இளகிக் கையோடு வந்தது.

துடைத்து, புது எண்ணெய் தொட்டு, எல்லாம் பூட்டி முடித்தபோது மணி மூன்று. திருப்பினேன். போனது. விட்டேன். டக்கென்று திரும்பி வந்தது. ஏழெட்டு முறை அப்படியே செய்து பார்த்தேன். இருபத்தேழு வருஷத்தில் இந்த வண்டியை நான் தொட்டது இதுதான் முதல் தடவை.

இவர் வந்து, "பார்ட் இன்னும் வரல" என்றார். "அப்படீங்களா" என்றேன்.

ஜனவரி 7, ஞாயிறு

குழந்தைவேல் அண்ணனை வரச் சொல்லியிருந்தேன். வந்தவர் வண்டியைக் கிளப்பி ஆக்சிலேட்டரை மிதித்ததும் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. இவர் உள்ளேயிருந்து ஓடிவந்து ஷெட் வாசலில் நின்றார்.

"மாப்ள, உன்ற சம்சாரம் அட்வான்ஸைச் சரிபண்ணிட்டா! நீ ஒரு மாசமா பார்ட்டு பார்ட்டுன்னு கதை உட்டுட்டிருக்கற!"

இவர் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் திரும்பி, மெதுவாக, "யாரு தொடச் சொன்னா?" என்றார். நான் சிரித்தேன். "பொங்கலுக்கு உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னுதானுங்க."

"இனிச் சாக்கு சொல்லாத மாப்ள. முதல் வண்டின்னு உன்ற பேர எழுதிட்டேன்" என்றார் அண்ணன்.

இவர் நெடுநேரம் வண்டியின் மட்கார்டில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிடிபட்ட ஆள் அப்படித்தான் நிற்பார்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். மகள் பெங்களூரிலிருந்து பேசினாள். லீவு இல்லையாம்.

"இனிக் கோயமுத்தூர் போவ வேண்டியதில்லீங்களே?" என்று பரிமாறிக்கொண்டே கேட்டேன்.

"வியாழக்கெழம ஒருக்கா போவோணும்" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை.

அவளைப் பார்க்கத்தான். எனக்கு இனிச் சந்தேகம் இல்லை.

ஜனவரி 18, வியாழன்

பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரை போனேன். புளியமரத்து ஓரம் மறைந்து நின்று பார்த்தேன். கோயமுத்தூர் என்று ஒரு முழ எழுத்தில் போர்டு போட்ட பஸ் எதிரே நிற்கிறது. இவர் ஒரு காலேஜ் பெண்ணிடம் போய், "இது எந்த பஸ்ஸும்மா?" என்கிறார். அந்தப் பெண் கையைப் பிடிக்காத குறையாக ஏற்றிவிடுகிறது. படியைக் காலால் துழாவி ஏறுகிற பாவனை வேறு.

கூடவே ஏறிவிடலாம் என்று இருந்தது. கல்யாணப் பெண் அளவு கொடுக்க வந்து காத்திருப்பதாக போன் வந்தது. திரும்பிவிட்டேன்.

ஜனவரி 20, சனி

"நாளைக்கு நீ வராத. ஊட்லயே இரு" என்றார்.

"ஏனுங்க? போன வருசம் வந்தனே."

"வந்தீன்னா குழந்தைவேல் கார்ல வா. லாரில வேண்டாம்."

என் பக்கத்து இடம் யாருக்கு? அவளை மலைக்கே வரச் சொல்லியிருக்கிறாரா?

லாரியில்தான் போவேன்.

ஜனவரி 21, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

மலை அடிவாரத்தில் பதினொரு வண்டிகள் நின்றன. எங்கள் லாரியை அண்ணனின் ஆள் ஒருவர் முன்னமே கொண்டுவந்து விட்டிருந்தார். மாலை போட்டார்கள், கற்பூரம் காட்டினார்கள். நான் கேட்காமலே லாரியில் ஏறி உட்கார்ந்தேன். இவர் என்னைப் பார்த்து, "எறங்கு கோகிலா" என்றார். கெஞ்சுகிற குரல். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். கூட்டத்தில் எந்தப் பெண்ணாவது இவரைப் பார்க்கிறாளா என்று தேடிக்கொண்டிருந்தேன். அண்ணன் கொடியை அசைத்தார்.

வண்டி எவ்வளவு அழகாக ஏறியது! போன வருஷம் திணறிய மேடுகளை எல்லாம் பாடிக்கொண்டே ஏறியது. என் கை பட்டதால் ஏறுகிறது என்று நினைத்தபோது, இருந்த ஆத்திரத்திலும் ஒரு பெருமை வந்தது. இவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டு வந்தார். பிறகுதான் தெரிந்தது, வளைவுகளை மனப்பாடமாக எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஆறாவது வளைவு தாண்டி நிழலும் வெயிலுமாக ஒரு நேர் ஏற்றம். இடது ஓரத்தில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. மஞ்சள் கவுன் போட்ட நாலு வயதுக் குழந்தை குனிந்து குரங்குக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தது. தாய்க்காரி போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். வண்டி இடது பக்கம் ஒதுங்குகிறது. திருப்புவார் என்று இருந்தேன். இன்னும் ஒதுங்குகிறது.

"ஏனுங்க!"

இவர் நேரே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார்.

"புள்ள! புள்ள! நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே நடுவில் இருந்த கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். இவரும் மிதித்தார். வண்டி உதறி, என்ஜின் அணைந்து நின்றது. குழந்தைக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருந்தது. தாய்க்காரி ஓடிவந்து குழந்தையை வாரிக்கொண்டு திட்டினாள். பொரி ரோட்டில் சிதறிக் கிடந்தது.

நான் இவரை அடிக்கக் கையை ஓங்கினேன். இவர் என்னைப் பார்த்து, "என்னாச்சு? எதுக்குக் கத்துன?" என்றார்.

"அந்தப் புள்ள மேல ஏத்தப் பாத்தீங்களே!"

"எந்தப் புள்ள?"

பிறகு, எப்போதும்போல் முழு முகத்தையும் இடது பக்கம் திருப்பினார். இன்னும் திருப்பினார். மஞ்சள் கவுன் கண்ணில் பட்டதும் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

தலையைத் தூக்காமலே சொன்னார். இடது கண்ணில் பெரும்பாதி போய்விட்டது. வலது கண்ணில் கீழ்ப்பாதி மங்கல். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டே வருகிறதாம். வலி கிடையாது. தெரியவந்தபோதே பாதி போயாகிவிட்டது. ஆவணியிலிருந்து கோயமுத்தூரில் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். தினமும் மருந்து விட வேண்டும். அந்த மருந்து இமை மயிரை வளர்க்குமாம்.

"வண்டி ஓட்டக் கூடாதுன்னு அப்பவே சொல்லிட்டாங்க. அட்வான்ஸ் ஒட்டுனது நெசந்தான். பிரிச்சேன். ஸ்பிரிங்கு கண்ணுக்கே ஆப்படல. அப்பறம் இதும் நல்லதுக்குத்தான்னு உட்டுட்டேன். வண்டி சரியில்லீன்னா மலைக்கு வான்னு யாரும் கூப்புட மாட்டாங்கல்ல?"

"எங்கிட்டச் சொல்றதுக்கென்னங்க?"

"சொன்னா சாவிய வாங்கி வெச்சுக்குவ."

"வாங்கித்தான் வெச்சிருப்பேன்."

"அதான்."

பின்னால் வந்த அண்ணன் ஓடிவந்தார். நான்தான் சொன்னேன், இவருக்குத் தலைசுற்றல் என்று. லாரியை அண்ணன் ஓட்டினார். அண்ணனின் டிரைவர் ஓட்ட, நாங்கள் காரில் இறங்கினோம். அடிவாரம் வரை இவர் என் கையை விடவில்லை.

ஜனவரி 22, திங்கள்

கடை திறக்கவில்லை. மஞ்சள் துணி எதையும் தொட முடியவில்லை.

ஜனவரி 25, வியாழன்

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இவரை உட்கார வைத்தேன். பெருந்துறை தாண்டியதும் இவராகவே பேசினார்.

"எனக்கோசரம் எத்தன நாள் உக்காந்து அதப் பிரிச்ச நீயி. நாந்தான் அன்னைக்கு யாரு தொடச் சொன்னான்னு கேட்டுப்போட்டேன். மனசுல வெச்சுக்காத."

"உங்களுக்கோசரந்தானுங்க" என்றேன். உண்மையை எப்படிச் சொல்வது? சொன்னால் இவருக்கு இருக்கிற ஒரு சந்தோஷமும் போய்விடும். எனக்கு வெட்கமாகவும் இருந்தது. இங்கே எழுதிவிட்டேன். அது போதுமா என்று தெரியவில்லை.

ஷைலஜா அங்கே நோயாளிகளுக்கு மருந்து, சிகிச்சை பற்றி எடுத்துச் சொல்கிற பெண். ஏழு மாதக் கர்ப்பம். "நீங்கதான் சாரோட ஒய்ஃபா? வீட்டுல இருந்து ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க வாங்கன்னு ஒவ்வொரு வாட்டியும் சொல்லிட்டே இருந்தேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டாக்டர், போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்.

அப்புறம் பார்வை எந்தெந்தப் பக்கம் இருக்கிறது, எங்கே போய்விட்டது என்று பார்க்கிற சோதனை. இருட்டறை. வெள்ளைக் கிண்ணம்போல் ஒரு மெஷினுக்குள் இவர் முகத்தை வைத்துக்கொண்டார். உள்ளே எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் கையில் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். என்னை ஓரத்தில் உட்கார விட்டார்கள், பேசக்கூடாது என்று சொல்லி. டெக்னீஷியனின் திரையில், எந்த இடத்தில் புள்ளி எரிகிறது என்பது எனக்குத் தெரிந்தது.

எரிந்தது. டிக்.

எரிந்தது. டிக்.

இடது பக்கம் எரிந்தது. சத்தம் இல்லை. அதற்குக் கீழே எரிந்தது. இல்லை. இன்னும் கீழே. இல்லை. எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். என் கட்டைவிரல் தானாக மடியில் இருந்த கைப்பையை அழுத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும், அவருக்குப் பதிலாக.

சத்தமே இல்லாமல் நீண்ட நேரம் போனது. இவருக்கே அது தெரிந்திருக்க வேண்டும். கிண்ணத்துக்குள் இருந்து, "கோகிலா, இருக்கறயா?" என்றார்.

பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

"இருக்கறனுங்க" என்றேன்.